உறங்குவதற்கு மட்டுமா ஓர் அறை?

நடுவர் அவர்களே, நான் வாய் திறப்பதற்கு முன்பே புன்னகைக்கத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களே, செங்கற்பட்டின் ரசிகப் பெருமக்களே!

பெருநகரங்களில் கலையழகோடு வடிவமைத்த விடுதிகளில் தங்குவது பயனுள்ள அனுபவமா, பணத்தைப் பாழாக்கும் பகட்டா என்பது இன்றைய வழக்கு. அனுபவமே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர், "கண்ணை மூடிவிட்டால் எல்லாக் கூரையும் ஒன்றுதானே" என்று கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். விழுங்கிவிட்டால் எல்லாச் சோறும் ஒன்றுதான் என்று சொல்லி, அவர் வீட்டில் நாளை முதல் உப்பில்லாமல் சமைத்துப் போட்டால், இதே தத்துவத்தை இதே கம்பீரத்தோடு அவர் பேசுவாரா என்பதை நடுவர் அவர்கள் தீர்ப்புக்கு முன் விசாரிக்க வேண்டுகிறேன்.

இந்த மண்டபத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே போனால் மாமல்லபுரம். அங்கே ஐந்து ரதங்களில் திரௌபதி ரதம் என்று நாம் அழைக்கும் சிறிய கோயிலை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அது என்ன வடிவம்? அரண்மனையா, கோபுரமா? இல்லை, ஓலை வேய்ந்த குடிசை! ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி, குன்றாகக் கிடந்த பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தபோது, தன் ஊரில் ஏழைகள் குடியிருந்த கூரையின் வளைவைக் கண்டு, இதைவிட அழகிய வடிவம் தேவிக்கு வேறென்ன வேண்டும் என்று அதையே கல்லில் நிறுத்திவிட்டான். மனிதன் தங்கும் இடத்துக்கு ஒரு வடிவம் உண்டு, அந்த வடிவத்துக்கு ஒரு சௌந்தரியம் உண்டு என்ற ஞானம் நமக்கு மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்ததன்று.

ஆனால் அந்தக் குடிசைக்குள் இன்று யாரும் குடியிருக்க முடியாது. 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த சின்னம் அது. சுற்றி வந்து பார்க்கலாம், படம் எடுக்கலாம், மாலையானால் வெளியே வந்துவிட வேண்டும். கோயிலில் வணங்குகிறோம், அருங்காட்சியகத்தில் நின்று பார்க்கிறோம், சொந்த வீட்டையோ, வங்கிக் கடனும் மேஸ்திரியின் அவசரமும் சேர்ந்து கட்டி முடிக்கின்றன. சாளரம் எந்தத் திசை பார்க்க வேண்டும், விடியற்காலை வெளிச்சம் எந்தச் சுவரில் விழ வேண்டும், கைப்பிடி உள்ளங்கைக்கு எப்படி அடங்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்த கட்டடத்துக்குள், பார்வையாளனாக அன்றி வசிப்பவனாக, ஓர் இரவும் ஒரு விடியலும் இருக்கும் பாக்கியம் நம்மைப் போன்ற சாமானியருக்கு எங்கே கிடைக்கிறது? அத்தகைய விடுதியில்தான் கிடைக்கிறது. என் வாதத்தின் உயிர்நிலை இதுவே.

டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் 1960இல் எழுந்த ஒரு விடுதிக்கு ஆர்னே யாக்கோப்சன் என்ற கட்டடக்கலைஞர் கட்டடத்தை மட்டுமன்றி, நாற்காலியையும் கரண்டியையும் கதவின் கைப்பிடியையும்கூடத் தாமே வடிவமைத்தார். உலகம் இன்றும் கொண்டாடும் முட்டை வடிவ நாற்காலி அந்த விடுதிக்காகப் பிறந்ததுதான். நம் ஸ்தபதிகளுக்கு இது வியப்பாயிராது. பீடத்துக்கும் விமானத்துக்கும், விக்கிரகத்தின் முகத்துக்கும் விரலுக்கும் ஒரே அளவுமுறையை ஓடவிடுகிறவர்கள் அல்லவா அவர்கள்! சென்னையில் எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் 2002இல் எழுந்த பார்க் விடுதி, சினிமாவையே தன் அலங்காரத்தின் கருப்பொருளாக எடுத்துக்கொண்டது. 'சந்திரலேகா' உருவான மண்ணில் அந்த நினைவு அடியோடு அழிந்துபோகாமல் ஒரு படுக்கையறைச் சுவரிலாவது தங்கியிருப்பது பகட்டா, நன்றியா?

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், தங்கை மகனின் திருமண வரவேற்புக்காகச் சென்னையில் அப்படி ஒரு விடுதியில் ஓர் இரவு தங்கினேன். முதலில் தோற்றது நான்தான். படுக்கையருகே இருந்த பதினொரு சுவிட்சுகளில் எது விளக்கை அணைக்கும் என்று தெரியாமல், துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்தேன். (எதிரணியினர் சிரிக்கட்டும்; வசிப்பவனுக்குப் புரியாத வடிவம் தோற்ற வடிவம் என்பதும் என் கட்சிக்கே சாட்சி.) காலையில் முகம் கழுவப் போனபோது அங்கே கருங்கல்லில் குடைந்த ஒரு தொட்டி. உட்புறம் கண்ணாடியாக மின்னியது. வெளிப்புறத்தில் உளி பட்ட புள்ளிகள் மழைத்துளி விழுந்த மணல்போல வரிவரியாக நின்றன. ஈரக்கையால் அதைத் தடவியபடி நெடுநேரம் நின்றேன். அடுத்த மாதம் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் அதே புள்ளிகளைக் கண்டு, "பாலிஷ் போட நேரமில்லையா?" என்று கேட்டேன். கல்தூசி படிந்த புருவத்தை உயர்த்தி அந்தப் பெரியவர் சொன்னார்: "பாலிஷை மெஷின் போட்டுடும் சார். இது கைக்குத்தான் வரும்." ஐம்பது ஆண்டுகளாக அந்தப் பட்டறைத் தெருவில் நடந்திருக்கிறேன், உளியின் ஓசையைக் கேட்டிருக்கிறேன், உளியின் எழுத்தைப் படிக்கக் கற்றது விடுதியின் அந்த ஒரு காலைப்பொழுதில்தான்.

அதே மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் மாணவர்கள் வெளிவருகிறார்கள். மாமல்லபுரக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் குறியீடு உலை வைக்குமா? மன்னர் காலம் போயிற்று. கோயில் திருப்பணி ஒன்றையே எல்லா உளிகளும் நம்பியிருக்க முடியாது. கிண்டியில் 2012இல் திறந்த சோழர் பெயர்கொண்ட பெருவிடுதியின் தூண்களில் மாமல்லபுரத்து உளி பேசியிருக்கிறது என்றால், அங்கே தங்குகிறவர் கொடுக்கும் வாடகையில் ஒரு துளியாவது நம் கடற்கரைப் பட்டறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றுதான் பொருள்.

"சத்திரமும் திண்ணையும் இலவசமாக இருந்த நாடு இது" என்று எதிரணித் தலைவர் உருகினார். அந்த உருக்கத்தில் பங்குகொள்கிறேன். ஆனால் ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் தம் அன்புக்குரிய முத்தாம்பாளின் பெயரால் எழுப்பிய சத்திரத்தைப் போய்ப் பாருங்கள். இலவசச் சோறு உண்ண வந்த வழிப்போக்கனுக்குத் தூணில் வேலைப்பாடு எதற்கு? பசித்தவனுக்கும் கண் உண்டு என்று கட்டியவர்கள் நம்பினார்கள். ஆகவே நண்பர்களின் வழக்கு விலையோடுதானே ஒழிய அழகோடு அன்று. விலை அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வலை உலர்த்தும் மணலை மறித்து வேலி போடும் எந்த விடுதிக்கும் நான் வக்கீல் அல்லன். நான்கு வண்ண விளக்கை மாட்டி ஜிப்சம் பலகையில் யாளியை ஒட்டிவிட்டு 'கலைநயம்' என்று வாடகை கேட்பதும் நாம் பேசும் பொருளன்று. அவற்றைக் கண்டித்து, நல்லதைக் கேட்டு வாங்க நமக்குக் கண் வேண்டும். அந்தக் கண், நல்லதற்குள் ஒரு நாளாவது வாழ்ந்தால்தான் திறக்கும்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்களுடையது. அதற்கு முன் ஒரு விண்ணப்பம்: அடுத்த முறை ஐந்து ரதங்களுக்குப் போகும்போது, அந்தக் கற்குடிசையின் வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதைச் செதுக்கியவன், கண்ணை மூடிவிட்டால் எல்லாக் கூரையும் ஒன்றுதான் என்று எண்ணியிருந்தால், அங்கே இன்னும் வெறும் பாறைதான் கிடந்திருக்கும்.