வெறுப்பை விட்டு வருவோர்க்கு ஒரு வாயில்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இனவெறுப்பின் கொடுமையை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1958ஆம் ஆண்டையும் 1983ஆம் ஆண்டையும் கண்ட மக்கள் நாம். வெறியரைச் சட்டம் தண்டிக்க வேண்டும் என்று நாம் கேட்பது நியாயமே. ஆயினும், தண்டனையோடு வெறுப்பு ஒழிந்துவிடுமா? கோரையை மேலே அறுத்துவிட்டு, வயல் துப்புரவாயிற்று என்று எந்தக் கமக்காரராவது சொல்வாரா? கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறதே! அக்கிழங்கைத் தோண்ட முயன்ற ஜேர்மனி நாட்டின் அனுபவத்தை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1990இல் கிழக்கும் மேற்கும் இணைந்த பின்னர் அந்நாட்டில் நாஸிக் கொள்கை மீண்டும் தலைதூக்கியது. 1992 நவம்பரில் மேல்ன் நகரில் துருக்கியக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. ஒரு பெண்ணும் இரு சிறுமியரும் மாண்டனர். அக்காலத்தில் கிழக்கு பேர்லினில் நாஸி இளைஞருக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவர் இங்கோ ஹாசல்பாக். 1993இல் அவர் அவ்வியக்கத்தை விட்டு விலகினார். அவரும் பெர்ண்ட் வாக்னர் என்னும் முன்னாள் பொலிஸ் அதிகாரியும் சேர்ந்து, 2000ஆம் ஆண்டில் ‘எக்ஸிற்’ என்ற அமைப்பை நிறுவினர். வெறுப்பு இயக்கங்களிலிருந்து வெளியேற விரும்புவோருக்குத் துணைநிற்பதே அதன் பணி.

வெறியனுக்கும் உதவியா என்று நீங்கள் கேட்கலாம். சிந்தித்துப் பாருங்கள். அவனுடைய நண்பர், உறவு, சில வேளை தொழிலும்கூட, அவ்வியக்கத்துக்குள்ளேயே இருக்கின்றன. விலகினால் பழைய தோழர்களே துரோகி என்று துரத்துவர். போக்கிடமற்றவன் வெறுப்பிலேயே தங்கிவிடுகிறான். அவன் வெளியேறினால், நம் வீட்டுக்குத் தீ வைக்கும் கைகளில் ஒன்று குறைகிறது! ஆனால், முதலடியை அவனே வைக்க வேண்டும். கூட்டத்தை விட்டால் போதாது, கொள்கையையும் விட வேண்டும். அவன் செய்த குற்றத்துக்கு இது மன்னிப்புப் பத்திரமும் அன்று.

2011இல் கேரா நகரில் நாஸி ஆதரவாளர் கூடிய இசை விழாவில் 250 மேற்சட்டைகள் இலவசமாக வழங்கப்பட்டன. மண்டையோட்டுப் படம் பொறித்த அவற்றை அவர்கள் மகிழ்ந்து பெற்றுக்கொண்டனர். வீட்டில் துவைத்ததும் அப்படம் கரைந்தது. இச்சட்டையைப் போல் நீயும் மாறலாம், நாங்கள் உதவுவோம் என்ற எக்ஸிற்றின் செய்தி அடியிலிருந்து வெளிப்பட்டது!

பாடசாலையிலும் இதே நெறிதான். 1976இல் பொயிட்டல்ஸ்பாக் என்னும் ஊரில் கூடிய கல்வியாளரின் கலந்துரையாடலிலிருந்து மூன்று விதிகள் பிறந்தன. ஆசிரியர் தம் கருத்தை மாணவர்மீது திணிக்கலாகாது. நாட்டில் விவாதத்துக்குரிய விடயம் வகுப்பிலும் விவாதமாகவே வைக்கப்பட வேண்டும். தன் நிலையைத் தானே ஆராயும் ஆற்றலை மாணவன் பெற வேண்டும். 1995இல் அங்கே தொடங்கிய ‘இனவெறியற்ற பாடசாலை’ இயக்கத்திலோ, அப்பெயரைப் பெறுவதற்கு அங்கு கற்போரிலும் பணிபுரிவோரிலும் 70 வீதத்தினர் கையொப்பமிட வேண்டும். அதிபரின் கட்டளை மட்டும் போதாது.

இங்கே நடந்தது என்ன? 2021 மார்ச்சில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் சில ஒழுங்குவிதிகளைப் பிறப்பித்தது. மதத் தீவிரவாதக் கருத்துடையவரெனச் சந்தேகிக்கப்படுவோரை, குற்றத் தீர்ப்பு எதுவுமின்றி, 2 ஆண்டுகள் வரை புனர்வாழ்வு நிலையத்தில் அடைத்து வைக்க அவை இடமளித்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அவற்றைத் தடுத்து நிறுத்தியது. வாயிலின் பெயரால் சிறையைத் திறப்பதா புனர்வாழ்வு? அடைத்து வைத்து மனத்தை மாற்ற முடியாது. அச்சத்தை மட்டுமே வளர்க்க முடியும்.

ஆகவே, நாம் கேட்க வேண்டியவை இரண்டு. விலகி வருவோர் தம் விருப்பால் வந்து சேரக்கூடிய, பொலிஸின் பிடிக்கு அப்பாற்பட்ட அமைப்புகள் வேண்டும். நம் நாட்டின் கசப்பான வரலாற்றை அச்சமின்றி விவாதிக்கும் வகுப்பறைகள் வேண்டும்.

அவ்வகுப்பறையில் நம் பக்கமும் பேசப்படட்டும். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விரட்டப்பட்டதை நம் பிள்ளைகளிடம் மறைத்துவிட்டு, சிங்களப் பிள்ளைகள் 1983ஐக் கற்க வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்போம்? உரிமை கேட்கும் இனம் உண்மைக்கு அஞ்சலாகாது. அஞ்சாத பிள்ளைகளை வளர்ப்போம்!