பாலைவன ஆமையும் அறிவோடு கூடிய இரக்கமும்



அமெரிக்க நாட்டின் தென்மேற்கே கலிபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிசோனா ஆகிய மாநிலங்களில் விரிந்து கிடப்பது மொஹாவி பாலைவனம். அங்கே முன்கால்களால் மண்ணில் வளை தோண்டி, தன் வாழ்நாளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை அதனுள்ளேயே கழிக்கும் உயிர் பாலைவன ஆமை. மழை பெய்யும் நாளில் வெளியே வந்து வேண்டுமட்டும் நீர் பருகும். அந்நீரைச் சிறுநீர்ப்பையில் சேமித்து வைத்துப் பல மாதங்கள் தாங்கும். 50 ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும். ஆயினும், அது இனப்பெருக்கப் பருவம் எய்த 12 முதல் 20 ஆண்டுகள் ஆகும். பிறக்கும் குஞ்சுகளுள் அப்பருவத்தை எட்டுவன மிகச் சிலவே. ஆகவே, வளர்ந்த ஓர் ஆமை இறந்தால் அவ்விழப்பு எளிதில் ஈடாவதில்லை.

1980களின் இறுதியில், கலிபோர்னியாவில் இவ்வாமைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்த காப்பிடத்திலேயே அவை நோயுற்றிருப்பது கண்டறியப்பட்டது. மூக்கிலிருந்து ஓயாது நீர் வடிந்தது. இமைகள் வீங்கின, கண்கள் ஒளி மங்கின. மூக்கைத் துடைத்துத் துடைத்து முன்கால்களில் சளி உலர்ந்து படிந்திருந்தது. பல ஆமைகள் மாண்டன. 1989இல் அமெரிக்க அரசு அவசர ஆணையால் இவ்வாமைக்குப் பாதுகாப்பு அளித்தது. 1990இல் அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினமாக முறைப்படி அறிவித்தது.

நோய்க்குக் காரணம் 'மைக்கோபிளாஸ்மா அகாசிசி' என்னும் நுண்ணுயிர் என்பது 1994இல் வெளியான ஆய்வால் உறுதியாயிற்று. இந்நுண்ணுயிருக்குச் செல்சுவர் கிடையாது. செல்சுவரைத் தாக்கி அழிக்கும் பென்சிலின் போன்ற மருந்துகள் இதனால் பயனற்றுப் போகின்றன. வேறு மருந்துகள் அறிகுறிகளைத் தணிக்கும். நோயை வேரோடு களைவது அரிது. நலம் பெற்றதாகத் தோன்றும் ஆமைக்கும் நோய் பின்னர் மீண்டும் தலைகாட்டலாம்.

நோய் பரவும் வழியும் எண்ணத்தக்கது. ஆமைகள் எதிர்ப்படும்போது மூக்கோடு மூக்கு நெருங்கி ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. அந்த நெருக்கமே தொற்றுக்கு வாயிலாகிறது. மூக்கு அடைபடவே மோப்பத் திறன் குன்றுகிறது. மோப்பத்தால் உணவைத் தேடும் உயிருக்கு இது பெருந்துன்பம். இரை அருகிலிருந்தும் அறியாது மெலிகிறது.

இதில் மனிதரின் பங்கு என்ன? நெடுங்காலமாக மக்கள் இவ்வாமைகளைப் பிடித்து வீடுகளில் வளர்த்தனர். வளர்க்க இயலாதபோது சிலர், 'சிறைப்பட்ட உயிர் விடுதலை பெறட்டும்' என்று பாலைவனத்தில் விட்டுவந்தனர். வீட்டில் வளரும் ஆமைகளிடையே இத்தொற்று மிகுதியாகக் காணப்படுகிறது. இவ்வாறு விடப்பட்ட ஆமைகளும் நோய் பரவத் துணைசெய்திருக்கக்கூடும் என்று அறிவியலார் கருதுகின்றனர். விட்டவரின் உள்ளத்தில் இருந்தது இரக்கமே. ஆயினும், ஓர் உயிருக்குத் தந்த விடுதலை மற்ற உயிர்களுக்கு நோயாக முடியலாம் என்பதை அவர் அறிந்திலர். இன்று கலிபோர்னியாவில் வீட்டு ஆமையைக் காட்டில் விடுவது சட்டத்துக்குப் புறம்பானது.

வழியில் காணும் ஆமையை அன்போடு கையில் எடுப்பதும் தீங்காகலாம். அஞ்சிய ஆமை, சேமித்து வைத்த நீரைச் சிறுநீராக வெளியேற்றிவிடும். வறண்ட காலத்தில் அவ்விழப்பே அதன் உயிரைப் போக்கக்கூடும். அதைத் தொடாமல் விலகி நிற்பதே அங்கு அருட்செயல்.

நோய் ஒன்றே இவ்வினத்தின் பகை அன்று. வறட்சி, வாகனங்கள், வாழிடச் சிதைவு, மனிதர் கொட்டும் குப்பையால் பெருகிக் குஞ்சுகளைக் கவரும் அண்டங்காக்கைகள் எனப் பல துன்பங்கள் ஒருங்கே சூழ்ந்துள்ளன. 2024இல் கலிபோர்னிய மாநிலம் இவ்வாமையை அழியும் நிலையில் உள்ள உயிரினமாக வகைமாற்ற முடிவெடுத்தது.

அவையோரே, கொல்லாமை அறத்தின் தொடக்கம். தன் செயலால் பிற உயிர்க்கு நேர்வது யாதென ஆராய்வது அதன் நிறைவு. எந்த உயிரையும் விடுவிக்கும் முன்னர், அது எங்கிருந்து வந்தது, எதைச் சுமந்து செல்கிறது, செல்லுமிடத்தில் எவ்வுயிர்கள் வாழ்கின்றன என்று கேட்டறிதல் வேண்டும். வாய் திறந்து முறையிட இயலாத ஓர் ஆமையின் மூச்சு உணர்த்தும் பாடம் இதுவே.