ஆபத்து வேளையில் ஸ்மார்ட் வாட்ச் அழைக்குமா?



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள ஊர்களில் இன்று ஒரே வீட்டில் இரண்டு தொழில்கள் நடக்கின்றன. பிள்ளைகள் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். பெற்றோர் நிலத்தைப் பார்க்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்களும், ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ, நிசான் கார்களும் உற்பத்தியாகின்றன. 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் செய்தார்கள். இப்போது சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஐபோன் செய்கிறார்கள். இந்தத் தொழிற்சாலைகளின் மதிலை ஒட்டியே வல்லம், வடகால், மாத்தூர், எழிச்சூர், வைப்பூர் போன்ற ஊர்களில் ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் நடந்து வருகின்றன.

முன்பு வயலில் பத்துப் பேர் நின்ற இடத்தில் இன்று ஒருவர் தனியாக நிற்கிறார். இரவில் மோட்டார் போடப் போகிறவரும் தனியாகவே போகிறார். இதை நினைத்துக் கவலைப்படும் பிள்ளைகள், ஏதாவது ஒன்று என்றால் இதிலேயே கூப்பிடலாம் என்று சொல்லி, பெற்றோர் கையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் கட்டி விடுகிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் அந்த வாட்ச் உண்மையிலேயே தானாக அழைக்குமா? சொந்த சிம் இணைப்போ ரீசார்ஜோ இல்லாத வாட்ச், செல்போன் பக்கத்தில் இல்லாதபோது என்ன செய்யும்? இதைத் தெரிந்துகொள்ளாமல் வாட்சை நம்பி வயலுக்குப் போவது ஆபத்தானது.

வாட்ச் மூன்று வகை

முதல் வகை வாட்ச் நேரம், நடை, நாடித்துடிப்பு ஆகியவற்றைக் காட்டும். செல்போனுக்கு அழைப்பு வந்தால் அதிரும். இதில் பேச முடியாது.

இரண்டாம் வகையின் அட்டைப்பெட்டியில் 'புளூடூத் காலிங்' அல்லது 'பி.டி. காலிங்' என்று அச்சிட்டிருக்கும். குறைந்த விலையில் அதிகம் விற்பனையாகும் வாட்சுகள் இந்த வகையே. இதில் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் இருப்பதால், வாட்சே பேசுவதுபோலத் தோன்றும். உண்மையில் அழைப்பது செல்போன்தான். கிணற்றில் மோட்டார் ஓடினால்தான் வாய்க்காலில் தண்ணீர் வரும். அதுபோலச் செல்போன் எட்டும் தூரத்தில் இருந்தால்தான் இந்த வாட்சுக்குப் பேச்சு வரும்.

மூன்றாம் வகை எல்.டி.இ. அல்லது செல்லுலார் வாட்ச். ஆப்பிள், சாம்சங் போன்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. இதனுள் இ-சிம் இருக்கும். 2018 மே மாதம் முதல் ஏர்டெல், ஜியோ நிறுவனங்கள் நம் நாட்டில் வாட்சுக்கு இந்த இணைப்பைத் தருகின்றன. இணைப்பு நடப்பில் இருந்து, வயலில் சிக்னலும் கிடைத்தால், செல்போன் வீட்டில் இருந்தாலும் இந்த வாட்சிலிருந்து அழைக்கலாம்.

சிறுவர்களுக்கென்று சிம் அட்டை போடும் வாட்சுகளும் விற்கின்றன. அவற்றில் 2ஜி மட்டும் உள்ளதை வாங்கி ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது. ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது.

பத்து மீட்டரும் ஒரு ஏக்கரும்

புளூடூத் எட்டும் தூரம் பொதுவாகச் சுமார் 10 மீட்டர், அதாவது 33 அடி. ஒரு ஏக்கர் நிலம் சரிசதுரமாக இருந்தால் அதன் ஒரு பக்கம் ஏறக்குறைய 64 மீட்டர், அதாவது 210 அடி இருக்கும். வரப்பின் ஒரு மூலையில் செல்போனை வைத்துவிட்டு நடுவயலுக்குப் போனாலே தொடர்பு அறுந்துவிடும். மோட்டார் கொட்டகைச் சுவர், வரப்பு மண், நனைந்த பயிர், நம் உடம்பு ஆகிய அனைத்தும் இந்தத் தூரத்தை மேலும் குறைக்கும்.

செல்போனை எங்கே வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். நாற்று நடும் பெண்கள் சாப்பாட்டுப் பையில் வைத்து வரப்பில் விடுகிறார்கள். மருந்து தெளிப்பவர் கழற்றிய சட்டைப் பையிலேயே விட்டு விடுகிறார். சேற்றில் விழுந்துவிடும், தண்ணீர் பட்டுவிடும் என்ற பயமே காரணம். ஆக, ஆபத்து நேரக்கூடிய வேளையில்தான் வாட்சும் செல்போனும் பிரிந்து கிடக்கின்றன.

திட்டம் போடாத எல்.டி.இ. வாட்ச்

விலை உயர்ந்த எல்.டி.இ. வாட்சை வாங்கிவிட்டு மாதக் கட்டணம் போடாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. "அவசர அழைப்புக்குத் திட்டம் தேவையில்லை" என்று அவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அது எல்லா நாட்டுக்கும் பொருந்தும் செய்தி அன்று. அமெரிக்காவில், கட்டணத் திட்டம் இல்லாத செல்போனிலிருந்து வரும் 911 அழைப்பையும் நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்பது விதி. ஜெர்மனியில் பொய் அழைப்புகள் மலிந்ததால், 2009 முதல் சிம் இல்லாத கருவியின் அவசர அழைப்பை ஏற்பதில்லை. கருவி முயன்றாலும், ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த நாட்டின் விதியையும் வலையமைப்பையும் பொறுத்தவை. வெளிநாட்டு விளம்பரத்தை நம்பி நம் வயலில் உயிரைப் பணயம் வைக்கலாகாது. எல்.டி.இ. வாட்ச் வைத்திருப்பவர்கள் அதன் இணைப்பை நடப்பில் வைத்திருக்க வேண்டும். இல்லையேல் அதையும் புளூடூத் வாட்சாகவே கருதி, செல்போனை உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

சில வாட்சுகள் நாம் விழுந்ததைக் கண்டுகொள்ளும். 2018இல் வந்த ஆப்பிள் வாட்ச் நான்காம் வரிசை முதல் இந்த வசதி உண்டு. விழுந்தவர் சுமார் ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தால், அது தானே அவசர எண்ணை அழைக்கும். அந்த அழைப்புக்கும் பக்கத்தில் செல்போனோ வாட்சுக்குச் சொந்த இணைப்போ வேண்டும்.

எஸ்.ஓ.எஸ். யாரை அழைக்கிறது?

குறைந்த விலை வாட்சுகள் பலவற்றில் 'எஸ்.ஓ.எஸ்.' என்று ஒரு குறி இருக்கிறது. அதை அழுத்தினால் காவல் துறைக்கோ ஆம்புலன்சுக்கோ போய்விடும் என்று எண்ண வேண்டாம். செல்போனில் நாம் பதிந்து வைத்த எண்ணுக்கே அது போகும். எண் பதியாவிட்டால் எங்கும் போகாது.

அந்த எண்ணாகப் பலர் மகன் அல்லது மகளின் எண்ணைப் பதிகிறார்கள். இங்கேதான் நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. செல்போனை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லாத தொழிற்சாலைப் பிரிவுகள் உண்டு. ஷிப்டு முடியும் வரை மகனின் செல்போன் வெளியே பூட்டிய பெட்டியில் இருக்கும். நீங்கள் அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது. ஆகவே முதல் எண்ணாக, அடுத்த கொல்லைக்காரர் அல்லது பகலில் ஊரிலேயே இருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணைப் பதியுங்கள். அவருக்கும் அதைச் சொல்லி வையுங்கள்.

112, 108

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. காவல், தீயணைப்பு, மருத்துவம் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவான 112 எண் 2019 பிப்ரவரியில் இங்கு நடைமுறைக்கு வந்தது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

2017 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் செல்போன்களில் அவசரப் பொத்தான் வசதி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016இல் விதி செய்தது. பொத்தான் செல்போனில் 5 அல்லது 9 என்ற எண்ணை நீண்ட நேரம் அழுத்த வேண்டும். தொடுதிரை செல்போனில் பவர் பொத்தானை மூன்று முறை விரைவாக அழுத்த வேண்டும். சில செல்போன்களில் ஐந்து முறை அழுத்த வேண்டியிருக்கும். உங்கள் செல்போனில் எப்படி என்பதை அமைப்புகளில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் கைக்கும் கையுறைக்கும் தொடுதிரை சரியாக வேலை செய்யாது. மருந்து தெளிக்கும்போது பொத்தானே கைகொடுக்கும்.

தெரியாமல் அழுத்தி அழைப்பு போய்விட்டால் உடனே துண்டித்துவிடாமல், தவறுதலாக அழுத்திவிட்டதாகச் சொல்லிவிட்டு வையுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. செல்போனை உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். கயிறு போட்ட, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கழுத்திலோ இடுப்பிலோ கட்டிக்கொள்ளலாம். செல்போன் இடுப்பில் இருந்தால் புளூடூத் வாட்சும் பயன் தரும். கை சேறாக இருந்தாலும், ஒரு கை டிராக்டருக்கடியில் சிக்கினாலும், வாட்ச் வழியாகப் பேசலாம்.

2. ஒருமுறை சோதித்துப் பாருங்கள். செல்போனை மோட்டார் கொட்டகையில் வைத்துவிட்டு வாட்சோடு வயலில் நடந்து, எந்த இடத்தில் தொடர்பு அறுகிறது என்று பாருங்கள். சோதனைக்கு வீட்டு எண்ணை அழையுங்கள். 112, 108 எண்களைச் சோதனைக்கு அழைக்கக் கூடாது.

3. வாட்ச், செல்போன் இரண்டையும் இரவிலேயே சார்ஜ் செய்து வையுங்கள். செல்போனின் ரீசார்ஜ் காலம் முடிய விடாதீர்கள்.

4. எந்த நிறுவனத்தின் சிக்னல் உங்கள் கிணற்றடியில் எட்டுகிறது என்று பார்த்து, அந்தச் சிம்மையே வயலுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

5. புதிதாக வாட்ச் வாங்கினால் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "செல்போன் வீட்டில் இருக்கும்போது இது வயலிலிருந்து அழைக்குமா?" அழைக்கும் என்றால், எந்த நிறுவனத்தின் இணைப்பு, மாதம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

6. கையில் ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், வாட்ச் வேண்டாம். ஓராயிரம், இரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கும் பொத்தான் செல்போனை வாங்கி மடியில் கட்டிக்கொள்ளுங்கள். சேற்றிலும் இருட்டிலும் வாட்சைவிட அது உறுதியான துணை.

இடத்தைச் சொல்லும் முறை

அழைப்பு கிடைத்ததும் எங்கே என்று கேட்பார்கள். "எங்கள் கழனி" என்றால் அவர்களுக்குப் புரியாது. ஊராட்சி, ஊர், பக்கத்துத் தொழிற்சாலை வாசல், கோயில், ஏரிக்கரை, எந்தச் சாலையிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற வரிசையில் சொல்லுங்கள். இதை ஒரு தாளில் எழுதி மோட்டார் கொட்டகைக் கதவில் ஒட்டி வைத்தால், வேலையாட்களும் படித்துச் சொல்லலாம். கிணற்றடியைச் செல்போன் வரைபடத்தில் குறித்து, வீட்டார் அனைவருக்கும் முன்கூட்டியே அனுப்பி வையுங்கள். ஷிப்டு மாறும் நேரத்தில் நம் சாலைகளில் கம்பெனிப் பேருந்துகளும் கண்டெய்னர் லாரிகளும் நெருங்கி நிற்கும். முடிந்தால் ஓர் ஆளைச் சாலை முனைக்கு அனுப்பி, வண்டியை அழைத்துவரச் செய்யுங்கள்.

உதவி வரும் வரை

நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்தவர். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே முறிமருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனையில் அதை இலவசமாகப் போடுகிறார்கள். கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வையுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது கூடாது.

மின்சாரம் தாக்கினால் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அதற்கு முன் அவரைத் தொடாதீர்கள்.

பூச்சிமருந்து பட்டு மயக்கம் வந்தால், வயலைவிட்டு வெளியே கொண்டுவந்து, உடையைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்துப் புட்டியின் லேபிளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உழவர் பெருமக்களே! சொந்த இணைப்பு இல்லாத வாட்ச், செல்போனின் குரல் மட்டுமே. செல்போன் வரப்பில் கிடந்தால் அந்தக் குரல் ஊமையாகிவிடும். இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் வாட்ச் எந்த வகை என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். எஸ்.ஓ.எஸ். எண்ணைச் சரிசெய்யுங்கள். நாளை காலை வயலுக்குப் புறப்படும்போது செல்போனை மடியில் கட்டிக்கொண்டு புறப்படுங்கள்.