‘ஏன் கத்தவில்லை?’ என்று கேட்காதீர்கள்

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிமாருக்கான பயிற்சி வகுப்பில் எமது மாதர் பிரிவு அமைப்பாளர் ஆற்றிய உரை.)



குளவி கொட்டு வாங்காத ஆள் இந்த மண்டபத்தில் குறைவு. எனக்குப் பதினெட்டு வயது இருக்கும். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். கூடு கலைந்துவிட்டது. எல்லாரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் மட்டும் நின்றேன். தைரியத்தில் அல்ல, கால் வரவில்லை. “ஓடு புள்ள, ஓடு” என்று அக்கா கத்தியது காதில் விழுந்தது. வேறு யாரையோ சொல்வது போல இருந்தது. அக்காதான் திரும்பி வந்து படங்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். “மரம் மாதிரி நின்னா” என்று லயத்தில் பல நாள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் வெட்கம்.

வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்தது. ஆபத்து வந்தால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்று அமெரிக்க அறிஞர் வால்டர் கெனன் 1915ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் விளக்கினார். அதுதான் எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: உறைந்துபோவது. மூளைக்குள் அமிக்டலா என்று சிறிய பகுதி ஒன்று இருக்கிறது. நாம் யோசித்து முடிப்பதற்கு முன்பே அது ஆபத்து என்று செய்தி அனுப்பிவிடும். தசை இறுகும், குரல் அடைக்கும். இதயம் படபடவென்று அடிக்காமல் மெதுவாகக்கூடச் செய்யும். இதை யாரும் தீர்மானித்துச் செய்வதில்லை.

மானும் முயலும் இப்படித்தான் நிற்கும். அசையாத ஒன்று சிறுத்தையின் கண்ணில் படாமல் தப்பலாம். குளவிக்கு அது உதவாது. ஆனால் எதிரில் இருப்பது சிறுத்தையா, குளவியா, துரையின் மேசையா என்று உடம்பு கேட்டுவிட்டு உறைவதில்லையே!

தப்ப வழியே இல்லை என்று ஆகும்போது இது இன்னும் ஆழமாகிறது. கை கால் கட்டிப்போட்டது போல ஆகிவிடும், பேச வராது. சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோமில் பாலியல் வல்லுறவுக்கு உள்ளாகி அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டு எழுதிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. 70 சதவீதமானோர் அந்த நேரத்தில் குறிப்பிடத்தக்க அளவு அசைவற்றுப்போனதாகச் சொன்னார்கள். நூற்றுக்கு எழுபது பேர், தோழர்களே. நாம் என்னவென்றால் ‘மௌனம் சம்மதம்’ என்று பழமொழி பேசிக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் நம்மைவிடக் கொஞ்சம் முன்னால் போய்விட்டது. 1995இல் திருத்திய நமது தண்டனைச் சட்டக்கோவைப்படி, வல்லுறவு வழக்கில் சம்மதம் இல்லை என்று காட்ட உடம்பில் காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதே திருத்தத்தில் வந்த 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியது.

இப்போது நான் சொல்லத் தயங்குகிற விஷயம். சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் ஒரு தங்கச்சி, வேலை பார்க்கும் இடத்தில் ஒருவர் கையைப் பிடித்தார் என்று முறைப்பாடு செய்தாள். ஒப்பீசில் விசாரணை. “பக்கத்து நிரையில் அத்தனை பேர் இருந்தார்களே, ஏன் கத்தவில்லை?” என்று கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்தாள். திரும்பவும் கேட்டார்கள். மூன்றாம் தடவை அதே கேள்வியைக் கேட்டது நம்முடைய தலைவர். ‘பதில் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த வாரம் முறைப்பாட்டை வாபஸ் வாங்கிவிட்டாள். அந்த அறையில் நானும் இருந்தேன். நானும் வாயைத் திறக்கவில்லை. அது உறைந்துபோனதா, துரைக்குப் பயந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அவள் மலையில் ஒரு தடவையும் அந்த அறையில் ஒரு தடவையும் உறைந்தாள் என்பது மட்டும் நிச்சயம்.

அதனால் கேட்கிறேன். முறைப்பாடு செய்தவரைத் தனியே ஒப்பீசுக்கு அனுப்பாதீர்கள். அவர் நம்புகிற ஒரு பெண் பக்கத்தில் உட்கார வேண்டும். நிற்க வைத்துக் கேட்க விடாதீர்கள், கதிரை கேளுங்கள். “ஏன் செய்யவில்லை” என்ற கேள்வி வந்தால் நிறுத்துங்கள். “என்ன நடந்தது” என்று கேட்கச் சொல்லுங்கள். முன்னுக்குப் பின் மாறிச் சொன்னால் உடனே பொய் என்று முடிவு கட்டாதீர்கள், பயத்தில் இருந்தவருக்கு ஞாபகம் துண்டு துண்டாகத்தான் வரும். பேச்சு அடைத்துவிட்டால் தண்ணீர் கொடுங்கள், பாதத்தைத் தரையில் அழுத்தி மூச்சை மெதுவாக விடச் சொல்லுங்கள். அப்படியும் முடியாவிட்டால் இன்னொரு நாள் கேளுங்கள். வாசித்து விளங்காத எந்தத் தாளிலும் அன்றைக்குக் கையெழுத்து வேண்டாம். அப்பன், அண்ணன், தம்பி யாராக இருந்தாலும் இதேதான். ஆண்களும் உறைவார்கள், வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு விசாரணையை நடித்துப் பார்ப்போம். துரையாக உட்கார ஒரு ஆள் வேண்டும். மூன்றாம் தடவை கேள்வி கேட்கிற தலைவராக நானே இருக்கிறேன். என்னை யார் நிறுத்துகிறீர்கள் என்று பார்ப்போம்.