ஆற்றுக்கும் மின்கம்பிக்கும் ஒரே கணக்கு

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் மின்சாரமும் உயிரினங்களும் என்ற பொருள் பற்றிப் பேச நெல்லையில் கூடியிருக்கிறோம். தலைமை உரை என்றால் வரவிருக்கும் கட்டுரைகளை எல்லாம் தொட்டுக்காட்டி வாழ்த்தி அமர்வது வழக்கம். இன்று அதைத் தவிர்த்து, ஒரே கருத்தை எடுத்துவைத்து உங்கள் விவாதத்துக்கு விடுகிறேன். மின்நிறுவனம் இயற்கைக்குச் செய்யும் நன்மையும் தீமையும் அது வாங்கும் அனுமதிக் கடிதங்களிலோ நடும் மரக்கன்றுகளிலோ தீர்மானமாவதில்லை. எந்த மணிக்கு எவ்வளவு தண்ணீரைத் திறக்கிறது, கம்பியை எந்த வழியாக இழுக்கிறது, எந்த மாதத்தில் எந்த இயந்திரத்தை நிறுத்துகிறது என்ற அன்றாட இயக்கத்தில்தான் தீர்மானமாகிறது. அந்த அன்றாட இயக்கத்துக்குப் பள்ளத்தாக்கு முழுமைக்கும் சேர்த்து ஒரே கணக்கு வேண்டும் என்பது என் வாதம்.

இந்த வாதத்தைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான நிலம் நாட்டில் அதிகம் இல்லை. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேரும் வரை தாமிரபரணி ஓடுவது ஏறத்தாழ 130 கிலோமீட்டர்தான். அந்தச் சிறு தொலைவுக்குள்ளும் அதன் ஓரங்களிலும் மின் உற்பத்தியின் ஏறக்குறைய எல்லா வகைகளும் வந்துவிட்டன. 1880களில் ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை தொடங்கியபோது பாபநாசத்தில் விழும் நீரின் விசையையே நம்பினார்கள். பைக்காரா, மேட்டூருக்குப் பிறகு சென்னை மாகாண அரசு எழுப்பிய பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கியது. 1980களில் சேர்வலாறு சேர்ந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றைக் கயத்தாறும் ஆலங்குளமும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றை வள்ளியூரும் இராதாபுரமும் பிடிக்கின்றன. கடற்கரையில் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. தெற்கே கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் அணு உலைகள் இரண்டு. இவற்றில் சில மாநில நிறுவனங்களுடையவை, சில மைய அரசுடையவை, காற்றாலைகளில் பெரும்பாலானவை தனியாருடையவை. பறவைக்கும் மீனுக்கும் அந்தப் பிரிவினை தெரியாது.

நம் சட்டம் அந்தப் பிரிவினையை மட்டுமே பார்க்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை திட்டம் திட்டமாகத்தான் கேள்வி கேட்கிறது. 25 மெகாவாட்டுக்குக் கீழான நீர்மின் திட்டம், மின்திறனை மட்டும் கருதினால், அதன் வரம்புக்குள் வராது. அதாவது 20 மெகாவாட் சேர்வலாறு நிலையத்தை இன்று புதிதாகக் கட்ட நினைத்தாலும் அந்தக் கேள்வி எழாது. காற்றாலைகளும் மின்தொடரமைப்புப் பாதைகளும் அந்தப் பட்டியலில் இல்லை. காட்டுக்குள் போனால் வனச் சட்டமும் வனவிலங்குச் சட்டமும் குறுக்கிடும். குளத்துக்கும் குளத்துக்கும் நடுவே மானாவாரிப் புஞ்சையில் போகும் கம்பியை எவரும் கேட்பதில்லை. அதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. ஏற்கெனவே கட்டி இயங்கிக்கொண்டிருப்பவற்றை இந்த நடைமுறை திரும்பிப் பார்ப்பதே இல்லை. பாபநாசம் அணை இயங்கத் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான், 1962இல், முண்டந்துறை சரணாலயம் வந்தது. 1988இல் களக்காட்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. 2016இல் அகத்தியமலை யுனெஸ்கோவின் உயிர்க்கோளப் பட்டியலில் ஏறியது. சுற்றியுள்ள காட்டின் மதிப்பு மூன்று முறை உயர்த்தப்பட்ட பிறகும் நடுவிலிருக்கும் அணையின் இயக்க விதி அதற்கேற்ப எப்போது மாற்றி எழுதப்பட்டது என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

முதலில் ஆற்றை எடுத்துக்கொள்வோம். தாமிரபரணிக்கே உரிய மீன்கள் உண்டு. 1954இல் ஈ.ஜி. சைலஸ் விவரித்த கெண்டை வகை ஒன்று இந்த ஆற்றின் பெயரையே அறிவியல் பெயரில் சுமக்கிறது. களக்காட்டின் பெயரைத் தாங்கிய கல்லொட்டி மீனும் இருக்கிறது. இவை வேகமாக ஓடும், உயிர்க்காற்று நிறைந்த, கல் பரவிய நீரில் வாழ்பவை. அணைக்குக் கீழே இவற்றுக்கு இரண்டு ஆபத்துகள். நீரைக் குழாயில் திருப்பி மின்நிலையத்தில் விடும்போது இடைப்பட்ட பாறைப் படுகை வறண்டு போவது ஒன்று. மின்தேவை ஏறும் மாலை நேரத்தில் நீரை உயர்த்தி, குறைந்ததும் நிறுத்தினால் படுகை ஒரே நாளில் நனைந்து காய்வது மற்றொன்று. பாறை இடுக்கில் இட்ட முட்டைக்கு ஆண்டு மொத்த நீரளவு எத்தனை டிஎம்சி என்பதால் பயனில்லை. ஆறு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் போனால் அந்தத் தலைமுறை முடிந்தது. ஆகவே ஆண்டுக் கணக்கையும் மாதக் கணக்கையும் வைத்துக்கொண்டு ஆறு நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. மணிக் கணக்கு வேண்டும்.

இதற்குப் பொறியாளர்கள் தரும் மறுமொழி நியாயமானது. நீரின் சாவி எங்கள் கையில் இல்லை, கார், பிசானம் சாகுபடிக்கு நீர்வளத் துறை கேட்கும் அளவைத்தான் திறக்கிறோம், கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளும் காத்திருக்கின்றன என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன்; பாசனத்தின் முன்னுரிமையைக் குறைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாளுக்கு எவ்வளவு என்பதைப் பாசனம் தீர்மானிக்கட்டும். அந்த அளவை இருபத்துநான்கு மணி நேரத்தில் எப்படிப் பிரிப்பது என்பது மின்நிலையத்தின் கையில் இருக்கிறது. கீழேயிருக்கும் வயலுக்கு அதனால் நட்டமில்லை. மின்சாரத்துக்கு எவ்வளவு நட்டம் என்று பார்ப்போம். பாபநாசம் 32 மெகாவாட், சேர்வலாறு 20 மெகாவாட், இரண்டும் சேர்ந்து 52. தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. நானூற்றில் ஒரு பங்கு! அந்த நானூற்றில் ஒரு பங்கையும் விட்டுவிடச் சொல்லவில்லை. அதில் ஒரு பகுதியை மாலையிலிருந்து மற்ற நேரங்களுக்குப் பரப்பச் சொல்கிறேன், அவ்வளவே. வறண்ட படுகைக்கு விடும் நீர் மட்டும்தான் உண்மையான இழப்பு. கங்கையின் மேற்பகுதிக்கு 2018 அக்டோபரில் மைய அரசு வெளியிட்ட அறிவிக்கை பருவத்துக்கு ஏற்ப 20, 25, 30 விழுக்காடு என்று குறைந்தபட்ச ஓட்டத்தை வரையறுத்தது. இமயத்து ஆற்றின் விழுக்காட்டை அப்படியே இங்கே நடக்கூடாது; இரு பருவமழையும் பெறும் பொதிகைக்கு அதன் சொந்த அளவு வேண்டும். அதைக் கண்டுபிடிப்பதற்கான அறிவு இந்த அரங்கில் இருக்கிறது.

அடுத்தது கம்பி. இங்கே காலண்டரைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில், மே முதல் செப்டம்பர் வரை, காற்றாலைகள் தங்கள் ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதியைத் தந்துவிடுகின்றன. வடக்கிலிருந்து பூனைப்பருந்துகளும் வரித்தலை வாத்துகளும் வருவது அதற்குப் பிறகு, காற்று ஓய்ந்த மாதங்களில். பூனைப்பருந்து தரையில், காய்ந்த புல்லுக்குள் இரவு தங்கும் பறவை. அது கூடும் புல்வெளிக்கு அருகிலுள்ள இயந்திரங்களை அந்த மாதங்களில் காலையிலும் அந்தியிலும் நிறுத்திவைத்தால் இழக்கும் மின்சாரம் மிகக் குறைவு. காற்றாலைக்கும் வலசைப் பறவைக்கும் தீராத பகை என்று சொல்பவர்களும், பறவைக்காக நிறுத்தினால் தொழில் அழியும் என்று சொல்பவர்களும் இந்தக் காலண்டரை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் இறக்கை ஓய்ந்தாலும் கம்பி ஓய்வதில்லை. நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1994இல் சரணாலயமாகி, 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த 129 எக்டேர் நீர்நிலை. ஊர் வீடுகளின் முற்றத்துப் புளியிலும் வேம்பிலும் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றைக் காக்கிறார்கள். குஞ்சுக்கு இரை தேடி அந்த நாரைகள் சுற்றுவட்டாரக் குளங்களுக்கு நாள்தோறும் போய்வருகின்றன. பூநாரைகள் இரவில் இடம் மாறும். உடல் கனத்த இந்தப் பறவைகள் பறக்கும்போது சட்டென்று திரும்ப முடியாது. கோபுரத்தின் உச்சியில் போகும் மெல்லிய புவிக்கம்பி அவற்றின் கண்ணுக்குக் கடைசி நொடியில்தான் படும். 11 கிலோவோல்ட் கம்பங்களிலோ கம்பிகள் நெருக்கமாக இருப்பதால், உட்கார வரும் மயிலின் இறக்கை இரண்டைத் தொட்டுவிடுகிறது.

தீர்வுகள் எவருக்கும் தெரியாதவை அல்ல. கம்பியில் மாட்டும் அடையாள வில்லைகள், கம்பத்தை ஒட்டிய இடத்தில் மட்டும் உறை போட்ட கம்பி, குளத்தங்கரையில் புதைவடம். கானமயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் இராஜஸ்தான், குஜராத்தின் பெரும்பரப்பில் கம்பிகளைப் புதைக்க உத்தரவிட்டு, 2024 மார்ச்சில் அது எல்லா இடத்திலும் இயலாது என்று தளர்த்தி வல்லுநர் குழுவை அமைத்தது. அந்த அனுபவம் சொல்வது இதுதான்: எந்த இரு குளங்களுக்கு நடுவே பறவைகள் போகின்றன என்று முன்பே தெரிந்தால் சில கிலோமீட்டரில் வேலை முடியும், தெரியாவிட்டால் மாவட்டம் முழுதும் புதைக்கச் சொல்லும் ஆணையும், முடியாது என்ற மறுப்புமாகக் காலம் போகும். தாமிரபரணிப் படுகையில் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் அதை 2011 முதல் நடத்திவருகிறது. அந்தக் குளப் பட்டியலும் மின்பாதை வரைபடமும் ஒரே மேசையில் விரிக்கப்பட வேண்டும். மின்தடைப் பதிவேட்டில் பறவை மோதியதால் என்று எழுதப்படும் ஒவ்வொரு வரியும் ஆய்வாளனுக்குப் பொன். அது துணைமின் நிலையத்துக்குள்ளேயே தூங்கக்கூடாது.

கடலோரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அனல்மின் நிலையம் கடலுக்குள் விடும் வெந்நீரும் சாம்பலும் போய்ச் சேரும் மன்னார் வளைகுடா 1986 முதல் தேசியப் பூங்கா. சாம்பலை முழுவதும் பயன்படுத்தச் சொல்லும் விதி வந்துவிட்டது. அதை நிறைவேற்றுவதே பாக்கி.

இனி, பெரிய ஆட்சேபம். காற்றும் நீரும் கரியைக் குறைக்கின்றன. புவி சூடேறினால் பொதிகைச் சோலையும் பவளப்பாறையும் அழியும். ஆகவே தூய மின்சாரத்தின் மேல் நிபந்தனைகளை ஏற்றுவது இயற்கைக்கே பகை என்பது அது. இதன் முதல் பாதியை நான் முழுமனதுடன் ஏற்கிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் காற்றாலைகள் வரவேண்டும் என்றே கருதுகிறேன். இரண்டாம் பாதி முதல் பாதியிலிருந்து பிறக்கவில்லை. பழைய சிறு இயந்திரங்களை அகற்றி உயரமான புதியவற்றை நிறுவுவதற்கான மாநிலக் கொள்கை 2024இல் வந்திருக்கிறது. எண்ணிக்கை குறைந்து திறன் கூடும்போது இடத்தை மறுபடி தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நம் கைக்கு வருகிறது. குளத்தை ஒட்டிய பழைய இடத்தைக் கைவிட்டு வேறிடம் போகலாம். இந்த வாய்ப்பைத் தவறவிட்டால் இன்னொரு இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். காற்றாலைகள் எங்களுடையவை அல்லவே என்று மின்நிறுவனம் சொல்வதும் நிற்காது. இணைப்புத் தருவது அது. இணைப்பு ஒப்பந்தத்தில் இரவுத் தங்கல் மாதங்களுக்கான ஒரு விதியைச் சேர்ப்பது அதன் அதிகாரத்துக்குள் இருக்கிறது.

காட்டைப் பற்றிப் பேசும்போது மின்துறையினர் அதை வெளியாள் விவகாரம்போல் கருதுவது எனக்கு வருத்தம் தருகிறது. அனல் நிலையத்துக்கு நிலக்கரி எப்படியோ அப்படித்தான் பாபநாசத்துக்குச் சோலைக்காடு. மழை நின்ற பிறகும் நீரைக் கசியவிடுவது அதுதான்; மண் அரித்து வந்து நீர்த்தேக்கத்தை நிரப்பாமல் பிடித்துவைப்பதும் அதுதான். சோலைமந்தி வாழும் மரக்கூரையை வெட்டிப் பிளக்காமல் இருப்பது மின்நிறுவனத்தின் சொந்த நலன். ஊர்ச் சாலையோரத்தில் நட்டு, புகைப்படம் எடுத்து, ஆண்டறிக்கையில் எண்ணிக்கை காட்டும் கன்றுகள் இதற்கு ஈடாகா.

1957இல் ஒன்றாகத் தொடங்கிய மின்வாரியம் 2010இல் பிரிந்து, 2024இல் மேலும் பிரிந்திருக்கிறது. நீரும் காற்றும் பசுமை எரிசக்திக் கழகத்திடம், அனல் உற்பத்திக் கழகத்திடம், பெருங்கம்பி தொடரமைப்புக் கழகத்திடம், சிறுகம்பி பகிர்மானக் கழகத்திடம். மணிமுத்தாற்றுக் கால்வாய் நீர் வந்து நிரம்பும் கூந்தன்குளத்து நாரைக்காக யார் பொறுப்பேற்பது என்று கேட்டால், நான்கு அலுவலகங்களுக்கு மனு போட வேண்டும். ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கிறேன். பாபநாசம், சேர்வலாறு நிலையங்களின் மணிவாரி நீர்வெளியேற்றம் பொதுவில் வைக்கப்படட்டும். பறவைகள் மடியும் கம்பங்களின் பட்டியல் ஆண்டுதோறும் வனத்துறையுடன் பகிரப்படட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பள்ளத்தாக்கு அலுவலர் ஒருவர் நெல்லையில் அமரட்டும். இதற்கான செலவு மின்கட்டணத்தில் ஏறுமே என்று கேட்பவர்களுக்கு, ஏறட்டும், ஆனால் வெளிப்படையாக ஏறட்டும் என்பேன். 1999 முதல் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. கட்டண மனுவில் தனித் தலைப்பாக வந்தால் நுகர்வோர் அதைக் கேள்வி கேட்கலாம், குறைக்கச் சொல்லலாம், கூட்டச் சொல்லவும் செய்யலாம். அந்தத் தலைப்பின் கீழ் என்னென்ன வரவேண்டும் என்ற வரைவை இக்கருத்தரங்கின் நிறைவு அமர்வு எழுதித் தர வேண்டுகிறேன். முதல் அமர்வு அணைக்குக் கீழுள்ள மீன்களைப் பற்றியது. கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.