கடலில் மறைந்தவர்களையும் நினைவுகூர்வோம்



நவம்பர் 2 வந்தால் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் சுண்ணாம்படித்து, மாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றுகிறோம். பிரிந்து வாழும் பெரியப்பா, சித்தப்பா, அத்தை வீட்டாரெல்லாம் அன்று ஒன்று சேருகிறோம். ஆனால், கடலுக்குப் போய்த் திரும்பாத நம்மவருக்கு மெழுகுதிரியை எங்கே ஏற்றுவது?

998-இல் குளூனி மடாதிபதி புனித ஒடிலோ தம் மடங்களில் தொடங்கிய இந்நாள், மரித்த விசுவாசிகள் அனைவருக்கும் உரியது. நம் இராயபுரத்துக்குப் பெயர் தந்த இராயப்பரும் வலை வீசியவரே. கடலின் துயரம் அவர் அறியாததன்று.

மூன்று தலைமுறை கடந்தால் பெயர்களும் மறைந்துபோகும். ஆகவே, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, மண்ணில் அடங்கியவர், கடலில் மறைந்தவர் எல்லார் பெயரையும் ஒரே ஏட்டில் எழுதுவோம். பூசையில் அதைப் பீடத்தருகே வைத்து மன்றாடுவோம். அவர்களுக்கான மெழுகுதிரி அங்கே எரியட்டும்.