செயற்கைக் கால் பொருத்துபவருக்கும் பதிவு வேண்டும்

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகளுக்கான சங்க வகுப்பில் ஆற்றிய உரை)



சம்பளம், சேமலாப நிதி, வீடு, காணி என்று நமக்கு ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது செயற்கைக் காலைப் பற்றி எதற்கு ஒரு தலைப்பு என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்கிறோம்.

நம் மக்கள் காலை வைத்தே பிழைக்கிறார்கள். முதுகில் கூடையோடு மலை ஏறி இறங்க முடியாதவருக்குப் பேர் போடுவதில்லை. தொழிற்சாலையில் பெல்ட்டிலும் ரோலரிலும் சிக்கிக் கையை, விரலை இழந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். இப்போது அதைவிட அமைதியாக ஓர் ஆபத்து லயத்துக்குள் வந்திருக்கிறது. அது சீனி வருத்தம். கால் மரத்துப் போகிறது, கல் குத்தியது தெரிவதில்லை, புண் அழுகுகிறது, கடைசியில் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்கிறார்கள். விபத்தில் கால் போனால் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அந்தக் காசை வாங்கிக் கொடுக்க சங்கம் வழக்குப் பேசும். ஆனால் காசு நடக்காது. நடக்க ஒரு கால் வேண்டும். அந்தக் காலை யார் செய்கிறார், யார் பொருத்துகிறார், அவருக்கு என்ன தகுதி என்று நாம் கேட்டதே இல்லை.

கொழுந்து லொறி ஓட்டுபவரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் கேட்கிறோம். நமக்கு மருந்து எழுதும் டொக்டரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் இருக்கிறது. மருந்தைக் கொடுக்கும் மருந்தாளரின் பெயரும் இருக்கிறது. காலை அளவெடுப்பவரிடமும் இதே கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

செயற்கைக் கால் கடையில் வாங்கிப் போடும் செருப்பு அல்ல. வெட்டிய இடம் முதலில் வீங்கியிருக்கும். அதைத் துணியால் முறையாகச் சுற்றி வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். முழங்கால் மடங்கியபடியே இறுகிப் போகாமல் பயிற்சி கொடுக்க வேண்டும். பிறகு பிளாஸ்டர் சுற்றி அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சிலிருந்து செய்வதுதான் சாக்கெட் என்கிற கிண்ணம். மிச்சமிருக்கும் கால் அதற்குள்தான் இறங்குகிறது, உடம்பின் பாரமும் அதன் மீதுதான் விழுகிறது. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் பாரத்தைத் தாங்கும். ஆனால் பக்கத்து எலும்பின் முனை தாங்காது. எங்கே அழுத்தலாம், எங்கே இடம் விட வேண்டும் என்று அறிந்த கைதான் அந்த அச்சைச் செதுக்க வேண்டும். பாதத்தைக் கொஞ்சம் உள்ளே திருப்பி வைத்தால் போதும், இடுப்பும் முதுகும் நாளடைவில் கெட்டுவிடும்.

நம் காரியாலயத்துக்கு வந்த ஒரு சகோதரியின் கதை இது. ஏதோ ஒரு நன்கொடை முகாமில் ஒரே நாளில் கால் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள், மாலை போட்டார்கள். இரண்டு வாரத்தில் கிண்ணம் உரசிப் புண் வந்தது. சீனி வருத்தக்காரருக்குப் புண் வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முழங்காலுக்குக் கீழே போன கால், அடுத்த முறை முழங்காலுக்கு மேலே போனது. முகாம் நடத்தியவர்களின் விலாசம் யாரிடமும் இல்லை. அளவெடுத்தவர் யார் என்று கேட்க ஒரு பெயர்கூட இல்லை. பதிவேடு இல்லாத இடத்தில் முறைப்பாடு செய்யவும் இடமில்லை என்பதை அன்று கண்டோம்.

மற்ற நாடுகளில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

இந்தியாவில் 1992 ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சபைச் சட்டம் வந்தது. செயற்கை உறுப்புப் பொருத்துபவர் உட்படப் பல துறையினரின் பெயர்கள் மத்திய பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 ரூபா வரை அபராதம், அல்லது இரண்டும். பிரித்தானியாவில் இந்தத் தொழிற்பெயரையே சட்டம் காப்பாற்றுகிறது. பதிவில் இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது குற்றம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். டெக்சாஸ், புளோரிடா, நியூ ஜெர்சி, வாஷிங்டன், இல்லினாய்ஸ் போன்ற மாநிலங்களில் அனுமதிப்பத்திரம் கட்டாயம். ஐம்பது மாநிலங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அப்படி ஒரு சட்டம் இல்லை. இல்லாத இடங்களில் 1948 இல் தொடங்கிய ஒரு தொழில்சார் சபையின் சான்றிதழே பெரும்பாலும் தகுதியின் அடையாளம். இன்று அங்கே இந்தத் தொழிலுக்கு வருபவர் முதுகலைப் பட்டம் படித்து, மாதக்கணக்கில் மேற்பார்வையின் கீழ் பயிற்சி முடித்து, எழுத்துப் பரீட்சையும் நோயாளியை வைத்துச் செய்முறைப் பரீட்சையும் எழுத வேண்டும். கால் இழந்தவரின் உடம்பு மாநில எல்லையைத் தாண்டியதும் மாறுவதில்லை. சட்டம் மட்டும் மாறுகிறது. பணக்கார நாட்டிலும் இதுதான் நிலை.

அப்படியானால் கடுமையான சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கேதான் தொழிற்சங்கமாக நாம் கவனமாக இருக்க வேண்டும்.

ஜெய்ப்பூர் கால் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1968 இல் ஜெய்ப்பூர் நகரில் உருவானது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் எலும்பு வைத்திய நிபுணர் டொக்டர் பி. கே. சேத்தி. மற்றவர் ராம் சந்திர சர்மா. அவர் டொக்டர் அல்ல, கைவினைத் தொழிலாளி, பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். சப்பாத்து இல்லாமல் நடக்கவும், சேற்றில் இறங்கவும், சப்பணமிட்டு உட்காரவும் ஏற்ற அந்தப் பாதம் அவருடைய கை வேலை. பட்டம் இருப்பவர் மட்டும்தான் தொட வேண்டும் என்று அன்று ஒரு சட்டம் கதவை மூடியிருந்தால், நம்மைப் போன்ற வெறுங்கால் மக்களுக்கு ஏற்ற ஒரு பாதம் வந்திருக்காது. நம் நாட்டிலும் 1987 முதல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் இயங்குகிறது. போர்க்காலத்தில் பட்டறையிலேயே வேலை கற்று எத்தனையோ பேரை நடக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். அனுமதிப்பத்திரம் என்ற பெயரில் அவர்களை வெளியே தள்ளுவதை எந்தத் தொழிற்சங்கமும் ஏற்கக் கூடாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1970 இல் தொடங்கிய இத்துறையின் சர்வதேசச் சங்கம் இந்தத் தொழிலை மூன்று படியாகப் பிரித்தது. பட்டதாரி நிபுணர் ஒரு படி, டிப்ளோமா பெற்றவர் அடுத்த படி, பட்டறையில் உறுப்பைச் செய்யும் தொழில்நுட்பவியலாளர் மூன்றாம் படி. நோயாளியை அளவெடுத்துப் பொருத்தும் பொறுப்பு முதல் இரு படியினருக்கு. அவர்களின் கீழ் உறுப்பைச் செய்வது மூன்றாம் படியினருக்கு. 2017 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட தர நிர்ணயம் கொள்கை, பொருள், ஆளணி, சேவை என்ற நான்கையும் சேர்த்தே பேசுகிறது. ஆளுக்கு மட்டும் சட்டம் போட்டுவிட்டுச் சேவையை மறந்தால் பலனில்லை என்பதே அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பாடம்.

நம் நாட்டில் ராகமவில் 2004 முதல் இதற்கென்றே ஒரு பாடசாலை இருக்கிறது. மூன்று வருடப் படிப்பு. ஆகவே படித்தவர்களே இல்லாத நாடு என்று யாரும் நம்மிடம் சாக்குச் சொல்ல முடியாது. நம் பிள்ளைகளில் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிப்பவர்களுக்கு இப்படி ஒரு தொழில் இருப்பதையும் சொல்லுங்கள். கால் இழந்தவர் எங்கே வலிக்கிறது என்று தன் சொந்தப் பாஷையில் சொல்ல வேண்டும். "சுரீர் என்கிறது" என்பதும் "கனக்கிறது" என்பதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் புரியாமல் செதுக்கிய கிண்ணம் சரியாக இராது.

எனவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை.

ஒன்று, செயற்கை உறுப்பை அளவெடுத்துப் பொருத்துபவர் எவராயினும், அரசாங்க வைத்தியசாலையானாலும் தனியார் நிலையமானாலும் நன்கொடை முகாமானாலும், அவரது பெயரும் பதிவு இலக்கமும் நோயாளியின் அட்டையில் எழுதப்பட வேண்டும். பதிவேட்டை யாரும் மூன்று மொழியிலும் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

இரண்டு, பட்டறையில் அனுபவத்தால் கற்றவர்களின் அனுபவம் கணக்கில் எடுக்கப்பட வேண்டும். சம்பளத்துடன் படிப்பு லீவு கொடுத்து அவர்களை மேல் படிக்கு ஏற்ற வேண்டும்.

மூன்று, மலைநாட்டு ஆதார வைத்தியசாலைகளுக்கு மாதம் ஒரு முறையாவது தகுதி பெற்ற ஒருவர் வர வேண்டும். அளவு கொடுக்க ஒரு நாள், போட்டுப் பார்க்க ஒரு நாள், திருத்த ஒரு நாள் என்று ஒவ்வொரு முறையும் கொழும்புப் பக்கம் போய்வந்தால், கூடப் போகிறவரின் பேரும் சேர்ந்து போகிறது. அந்த நாட்களுக்குத் தோட்ட நிர்வாகம் பேர் போட வேண்டும்.

நான்கு, ஒரு கால் வாழ்நாளுக்குப் போதாது. சில வருடத்தில் தேயும், மிச்சக் காலும் சுருங்கும். திருத்துவதும் மாற்றுவதும் உரிமையாக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை நம் அரசாங்கம் 2016 இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தரமான நடமாட்ட உதவிக் கருவிகள் தாங்கக்கூடிய விலையில் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று அதன் 20 ஆவது உறுப்புரை சொல்கிறது. நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டதைச் செய்யச் சொல்கிறோம்.

தலைவர்களே, தலைவிகளே, இன்று போய் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தோட்டத்தில் கை கால் இழந்தவர்கள் எத்தனை பேர், யார் கொடுத்த உறுப்பு, போட்டு நடக்கிறார்களா அல்லது லயத்துச் சுவரில் தொங்குகிறதா என்று எழுதி அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பட்டியலோடுதான் சுகாதார அமைச்சின் கதவைத் தட்டப் போகிறோம். சுவரில் தொங்கும் ஒவ்வொரு காலும் நமக்கு ஒரு சாட்சி.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக.